பிளம்பர் அபூ ஷாஹிர்

என் தங்கை நுஹாவின் கணவன் ராதிப் இரண்டு வருடங்களாக ஒரு பிளம்பரோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறான் என்று கனடாவில் ஓர் அதிகாரி நினைத்துவிட்டார். இப்போது சொல்லிச் சிரிக்கிறோம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

காலையில் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ராதிப் கூப்பிட்டான். அவனுக்கு அங்கே கனடாவில், பேக்கரியில் மாவு பிசைய ஆரம்பிக்கும் நேரம்.

"மச்சான், தூங்கிட்டியா?"

"தூங்கினா எப்படிடா போன எடுப்பேன்."

"நுஹாவ இங்க கூட்டிக்கக் கேட்டிருந்தோம்ல, பதில் வந்திருக்கு. நம்பலயாம்."

"எத?"

"கல்யாணத்த."

அனுப்பச் சொல்லிப் படித்தேன். மரியாதையான ஆங்கிலம். திருமண ஒப்பந்தம் வந்து சேர்ந்தது, நன்றி. ஆனால் ஒப்பந்தம் இருப்பது வேறு, இருவரும் நிஜமாகவே கணவன் மனைவியாக இருப்பது வேறு. நானூறு பேர் வந்த கல்யாணம் என்று விண்ணப்பத்தில் இருக்கிறது, ஒரு படத்தில்கூட மணமகள் இல்லை. இருவரும் சேர்ந்திருப்பதாகச் சொல்லி அனுப்பிய ஒரே படத்தில் ஒரு காரும் மணமகனும்தான் தெரிகிறார்கள். கடைசியாக, கணவன் மனைவிக்கு இடையே நடந்த உரையாடல் என்று தரப்பட்ட இருநூற்றுச் சொச்சம் பக்கங்களும் 'அபூ ஷாஹிர், பிளம்பர்' என்பவருடன் நடந்ததாகத் தெரிகிறது. முப்பது நாட்களுக்குள் விளக்கமும் கூடுதல் ஆதாரமும் அனுப்பவும். தேவைப்பட்டால் மனைவியை நேர்காணலுக்கு அழைப்போம்.

கடைசிப் பகுதியை இரண்டு முறை படித்தேன்.

"ராதிப், யார்டா இந்த அபூ ஷாஹிர்?"

மாவு பிசையும் மெஷினை அணைத்தான். பிறகு அவன் சொன்னான்.

"நுஹாதான்."

"என்னது?"

"நுஹா நம்பரத்தான் அப்படிப் போட்டு வச்சிருக்கேன். இங்க அஞ்சு ஆம்பளைங்க வேல செய்றோம் மச்சான். கையெல்லாம் மாவு. போன் மேசைல கெடக்கும். அவ கூப்பிட்டா பேரு பளிச்சுன்னு வரும். சிரியாக்காரன் பாப்பான், எகிப்துக்காரன் பாப்பான். நம்ம வீட்டுப் பொம்பள பேர அவனுங்க எதுக்குப் படிக்கணும்?"

"பிளம்பர்னு ஏன்டா போட்ட?"

"பழைய நம்பர் ஒண்ணு இருந்துச்சு. அவரு எறந்துட்டாரு. பேர அப்படியே வச்சுட்டு நம்பர மட்டும் மாத்திட்டேன்."

ஆக, செத்துப்போன பிளம்பர். எங்கள் தலைநகர் அம்மானில் அந்தப் பக்கங்களை மொழிபெயர்த்தவர் நேர்மையானவர். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் பெயரையும் தொழிலையும் விடாமல் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்திருந்தார். அதை ராதிப் சரிபார்க்காமலே அனுப்பியிருக்கிறான். எடுத்துப் பார்த்தேன்.

அபூ ஷாஹிர், பிளம்பர்: சாப்பிட்டாச்சா?
ராதிப்: ம்.
அபூ ஷாஹிர், பிளம்பர்: என்ன?
ராதிப்: பருப்பு.
அபூ ஷாஹிர், பிளம்பர்: நேத்தும் அதுதானே.

அதற்குக் கீழே பிளம்பர் ஒரு சிவப்பு இதயம் அனுப்பியிருந்தார். பேசவேண்டியதையெல்லாம் இருவரும் குரல் பதிவாகவே அனுப்பிக்கொள்வார்கள். எழுத்தில் பருப்பும் இதயமும்தான் மிஞ்சும்.

சாக்கடல் கரையில் ஓர் ஓட்டலில் இரவு வரவேற்பு மேசை என்னுடையது. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அது கிடைத்ததே பெரிது என்பார் அப்பா. நான் மறுப்பதில்லை. ஜோடியாக வரும் உள்ளூர்க்காரர்களிடம் குடும்பப் புத்தகம் கேட்பது என் வேலை. கல்யாணம் ஆனதற்குத் தாள் இல்லாமல் ஒரே அறை கிடையாது. இத்தனை வருடத்தில் தாளைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். விரலோடு விரல் கோத்து வருபவர்களிடம் தாள் இருக்காது, இருந்தால் மை காய்ந்திருக்காது. பெட்டியை யார் தூக்குவது என்று முறைத்துக்கொண்டே வருபவர்கள் நிஜமானவர்கள். இதை அந்த அதிகாரிக்கு எழுத முடியுமா? எனக்குத் தாள் போதும். அவருக்குத் தாள் போதவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் பிளம்பரைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

நுஹா மழலையர் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். கல்யாணமாகி மூன்று வாரம் ராதிப்போடு இருந்தாள். அவன் கிளம்பியதும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். இந்தக் கரக் ஊரில் இரண்டு வருடம் அப்படி இருப்பது சுலபமில்லை. "இன்னும் கூப்பிடலையா?" என்று கேட்காமல் ஒருத்தியும் ஒரு காப்பி குடித்ததில்லை. இந்த விண்ணப்பம் விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னும் இரண்டு வருடம், அல்லது அதற்கு மேல்.

அன்று மதியம் அவளிடம் சொன்னேன்.

"அவன் உன்ன பிளம்பர்னு போட்டு வச்சிருக்கான், தெரியுமா?"

"தெரியும்ண்ணே."

"ஒனக்கு ஒண்ணும் தோணலயா?"

"பின்ன எம்பேரப் போட்டு ஊருக்கே காட்டச் சொல்றியா? போன தடவ கடன்காரன்னு போட்டிருந்தாரு. நான்தான் மாத்தச் சொன்னேன். ஒவ்வொரு தடவ நான் கூப்பிடும்போதும் அந்தப் பசங்க 'எடுக்காத, எடுக்காத'ன்னாங்களாம்."

"நீ அவன என்னன்னு போட்டிருக்க?"

காட்டினாள். 'அவர்' என்று மட்டும் இருந்தது.

அதையும் அதிகாரிக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டேன்.

படங்கள் இருந்தன. அதுதான் வேதனை. பெண்கள் மண்டபத்தில் வாசலிலேயே எல்லோருடைய போனையும் பையில் போட்டு வாங்கி வைத்துவிட்டார்கள். ஆனால் கூலிக்கு வந்த படக்காரப் பெண் ஒரு முழு ஆல்பம் எடுத்திருந்தாள். கடைசியில் ராதிப் உள்ளே வந்து நுஹாவுக்கு மோதிரம் மாற்றியது, கேக் ஊட்டியது, எல்லாம் அதில் இருக்கிறது. ஆல்பம் நுஹாவின் அலமாரியில் பூட்டி இருக்கிறது. நான் அதைப் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. ராதிப்பிடம் இருந்தது ஆண்கள் கூடாரத்தில் எடுத்தவைதான். முழு ஆட்டுக்கறியைச் சோற்றின்மேல் வைத்த மன்ஸஃப் தாம்பாளத்தைச் சுற்றி சட்டைக் கையை மடித்துக்கொண்டு முப்பது ஆண்கள். அதை வைத்து அவனுக்கும் ஓர் ஆட்டுக்கும் கல்யாணம் நடந்தது என்று வேண்டுமானால் நிரூபிக்கலாம்.

சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன்.

"ஆல்பத்துலேர்ந்து ரெண்டு படம் அனுப்பினாப் போதும்ப்பா. முடிஞ்சிரும்."

அப்பா ரொட்டியைக் கீழே வைத்தார். அவருக்கு டயர் கடை. அதிகம் பேசுகிறவர் அல்ல.

"எவனோ ஒருத்தன் ஆபீஸ்ல ஒக்காந்து எம்பொண்ணு முடியப் பாக்கணுமா?"

"பொம்பள அதிகாரியா இருந்தா?" என்றாள் அம்மா.

"ஆம்பளயா இருந்தா?"

"அவங்களுக்கு நம்ம பொண்ணு ஆயிரத்துல ஒண்ணு. பாத்துட்டு அடுத்த தாளத் திருப்பிருவாங்க."

"எனக்கு ஆயிரத்துல ஒண்ணு இல்ல."

எல்லோரும் நுஹாவைப் பார்த்தோம். அவள் தட்டிலிருந்த ஆலிவ் கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் வேணாம்ண்ணே. வேற வழி பாரு."

நிஜமாகச் சொன்னாளா, அப்பாவுக்காகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். அப்பா ரொட்டியைத் திரும்ப எடுத்தார், ஆனால் சாப்பிடவில்லை.

வேற வழி என்ன? யோசித்ததில் ஒன்றுதான் தோன்றியது. ராதிப் பொய் சொல்லவில்லை, இங்கே ஆண்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று காட்ட வேண்டும். அப்பாவிடமே ஆரம்பித்தேன்.

"உங்க போன்ல அம்மாவ என்ன பேர்ல போட்டிருக்கீங்க?"

"அது எதுக்கு ஒனக்கு?"

"நுஹாவுக்கு."

போனை நீட்டினார். 'வீடு' என்று இருந்தது. பின்னால் நின்ற அம்மா எட்டிப் பார்த்தாள்.

"வீடா? நான் என்ன செங்கல்லா, சிமெண்டா?"

"வீடுன்னா நீதான்" என்றார் அப்பா, அவளைப் பார்க்காமலே.

அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அப்பா தட்டில் மட்டும் இறைச்சி கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

சித்தப்பா ஃபவ்வாஸ் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் போனில் சித்தியின் பெயர் 'தலைமையகம்'. அதைக் காட்டுவதற்கு முன் கதவைச் சாத்தினார்.

"இது ஒங்க சித்திக்குத் தெரியக்கூடாது."

"கனடாவுக்குத்தான் போகுது சித்தப்பா."

"கனடாவுல அவ தங்கச்சி இருக்காடா."

அப்பாவைப் போலவே அவரும் எப்படியோ எழுதிக் கொடுத்தார். என் மனைவியை முப்பத்தோரு வருடமாக நேசிக்கிறேன், போனில் தலைமையகம் என்று வைத்திருக்கிறேன், இது எங்கள் வழக்கம். 'நேசிக்கிறேன்' என்பதை அடித்துவிட்டு 'மதிக்கிறேன்' என்று எழுதினார். பிறகு அதையும் அடித்துவிட்டு மறுபடி முதலில் எழுதியதையே எழுதினார்.

அடுத்து ஷேக் நஸ்ரி. நுஹாவுக்கு நிக்காஹ் செய்து வைத்தவர் அவர்தான். அவர் சாட்சி சொன்னால் எடை அதிகம். மதியத் தொழுகை முடிந்து மசூதி முற்றத்தில் பிடித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு தாடியைத் தடவினார்.

"நான் ஷேக். என் போன்ல வெளாட்டு எல்லாம் கெடையாது."

"வெளாட்டு வேணாம் ஷேக். என்ன இருக்கோ அதக் காட்டுங்க."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காட்டினார். 'கேஸ் சிலிண்டர்'.

நான் முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டேன். அது என் தொழில்.

"சிரிச்சுக்கோ" என்றார். "வர்றவன் போறவன்லாம் எம்போன எடுத்து 'ஷேக், ஒங்களுக்கு கால்'னு குடுக்குறான். கேஸ் சிலிண்டர்னு வந்தா ஒருத்தனும் தொட மாட்டான். தொட்டா சிலிண்டர் தூக்குற வேலைய அவன் தலைல கட்டிருவேன்னு பயம்."

எழுதினார். அழகான கையெழுத்து. எழுதி முடித்ததும் ஒரு சிக்கல் வந்தது.

"ஷேக், உங்க மனைவி பேரும் எழுதணும். இல்லன்னா அந்த நம்பர் யாரோடதுன்னு எப்படி நம்புவாங்க?"

"என் பொண்டாட்டி பேர யாருக்கும் காட்டுறதில்லன்னு சாட்சி சொல்றதுக்கு, என் பொண்டாட்டி பேர எழுதச் சொல்ற."

"ஆமா."

"இதுக்கு அந்த ஆல்பமே பரவால்ல போலருக்கே."

"அது எங்கப்பா சம்மதிக்கல."

ஷேக் பேனாவை மூடினார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. தெருவில் அவருடைய மனைவியை எல்லோரும் உம்மு ஹம்ஸா, அதாவது ஹம்ஸாவின் அம்மா, என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

"அந்தப் பொண்ணு எத்தன நாளா காத்திருக்கா?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

பேனாவைத் திறந்து ஒரு வார்த்தை எழுதினார். தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார்.

"படிக்காத."

"மொழிபெயர்க்கிறவர் படிப்பாரு ஷேக்."

"அவரு அம்மான்ல இருக்காரு. நீ எங்க தெருவுல இருக்க."

படித்தேன். தப்பில்லாமல் போய்ச் சேர வேண்டுமே. இங்கே அதை எழுதப்போவதில்லை.

மூன்று பேரின் எழுத்தும், போன்களின் படங்களும், ராதிப்பின் பேக்கரி முதலாளி எழுதிக் கொடுத்த கடிதமும் போயின. பிளம்பரின் எண்ணும் நுஹாவின் எண்ணும் ஒன்றுதான் என்று தொலைபேசி நிறுவனத்திடம் ஒரு சான்று வாங்கி அதையும் சேர்த்தேன். அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். சில வாரத்தில் அழைப்பு வந்தது, நுஹா அம்மானில் நேர்காணலுக்கு வர வேண்டும்.

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் முழு நேரமும் தேதிகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ராதிப்பின் தம்பி பிறந்த நாள், அவன் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்த மாதம், அவன் எந்தப் பக்கம் படுப்பான்.

"அதெல்லாம் சத்தமாச் சொல்லாத" என்றேன்.

"கேப்பாங்களாமே."

"அவங்க கேக்கும்போது சொல்லு. எங்கிட்ட வேணாம்."

என்னை உள்ளே விடவில்லை. எதிரே ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்து மூன்று மாதுளை ஜூஸ் குடித்தேன். நடைபாதையில் ஒருத்தி கைக்குழந்தையோடு அழுதபடி போனாள். அவளை அனுப்பியது எந்த ஆபீஸ் என்று தெரியாது. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நுஹா வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன ஆச்சு?"

"பசிக்குது."

ஃபலாஃபில் வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்ற பிறகுதான் பேச்சு வந்தது.

"பொம்பளதாண்ணே. கண்ணாடி போட்டவங்க. பக்கத்துல மொழிபெயர்க்க ஒரு பையன். பிளம்பர் பத்திக் கேட்டாங்க, சொன்னேன். கேஸ் சிலிண்டர் தாளப் பாத்துட்டு ரொம்ப நேரம் தலையக் குனிஞ்சே இருந்தாங்க. அப்புறம், ஒங்க குரல் பதிவு ஏதாவது ஒண்ணு போட்டுக் காட்டுங்க, எதுன்னு நீங்களே எடுங்கன்னாங்க."

"எத எடுத்த?"

"சண்டைய."

"சண்டையா?"

"கொஞ்சறத அவங்க எதுக்குக் கேக்கணும்? சண்டன்னா யார் வேணா கேக்கலாம், நம்ம தெருவே கேட்டதுதான். எனக்குக் குளிர் கோட்டு வாங்கி வச்சிருக்கேன்னு போட்டோ அனுப்பினாருல்ல, அந்தச் சண்ட."

அதை நானே சுவர் வழியாகக் கேட்டிருக்கிறேன். கோட்டு இரண்டு அளவு பெரிது. இவள், மூணு வாரம் ஒரே ரூம்ல இருந்துட்டு என் அளவு தெரியலயா, எவள மனசுல வச்சு வாங்கின, என்று ஆரம்பித்தாள். அவன், இங்க உள்ள நாலு சட்ட போடணும் நுஹா, என்றான். நாலு சட்ட போட்டாலும் நான் ரெண்டு பேர் ஆயிர மாட்டேன், என்றாள் இவள். அப்படியே கால் மணி நேரம்.

"அந்தப் பையன் அத மொழிபெயர்த்தானா?"

"ஒரு வார்த்த விடாம. காதெல்லாம் செவந்து போச்சு அவனுக்கு. 'எவள மனசுல வச்சு'ன்னு வர்ற எடத்துல கொஞ்சம் தடுமாறினான், நான்தான் 'சொல்லு தம்பி'ன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"கோட்ட மாத்தினாரான்னு கேட்டாங்க. இன்னும் இல்ல, பில்லத் தொலச்சிட்டாருன்னேன். அவங்க மொதல் தடவயா நிமிந்து பாத்தாங்க. 'என் வீட்லயும் இப்படித்தான்'னு சொன்னாங்க. அப்புறம் ஏதோ எழுதிக்கிட்டுப் போலாம்னுட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எந்தப் பக்கம் படுப்பாருன்னு கேக்கவே இல்ல. வீணா மனப்பாடம் பண்ணேன்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதிகாரிகள் நல்லபடியாகப் பேசுவதை நான் நம்புவதில்லை. நானும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று 'அறை காலி இல்லை' என்பதை எத்தனையோ முறை அழகாகச் சொல்லியிருக்கிறேன்.

அதற்கப்புறம் காத்திருந்த நாட்களில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா முற்றத்தில் உட்கார்ந்திருப்பார். விடிந்து வரும்போதும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். கடை வேலையாகச் சீக்கிரம் எழுந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க இல்லன்னுட்டா, அது என்னாலயா?"

"தெரியாதுப்பா."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் தலையை ஆட்டினார்.

"அந்தப் படத்துல அவ எப்படி இருக்கான்னு நானே பாத்ததில்ல" என்றார். "ஒரு தடவ காட்டினா. வெக்கமா இருந்துச்சு, மூடிட்டேன்."

பதில் வந்தது ஒரு வியாழக்கிழமை மாலை. ராதிப் நுஹாவைக் கூப்பிட்டிருக்கிறான், அவள் துணி மடித்துக்கொண்டிருந்ததில் கேட்கவில்லை. அப்புறம் எனக்கு. நான் எழுந்து, அவன் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து, கடைசி வரியிலிருந்து மேலே படித்தேன். ஓட்டலில் அப்படித்தான் படிப்பேன், விஷயம் கீழேதான் இருக்கும். விசா ஒட்ட நுஹாவின் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

கூடத்துக்குப் போய்ச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மறுபடி போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். நுஹா கையிலிருந்த தலையணை உறையை நான்கு முறை மடித்தாள்.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"அவன்தான் சொன்னான். அழுதுட்டிருக்கான். போய்ப் பேசு."

அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தும் முன்பே, "அழாதீங்க, பின்னால அவங்கல்லாம் பாக்குறாங்க" என்று சொல்வது கேட்டது.

அப்பா என்னிடம் கேட்டார்.

"இனி ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"படம்?"

"வேணாம்ப்பா. முடிஞ்சுபோச்சு."

அவர் காலணியைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே கூடத்து மெத்தையில் சாய்ந்தார், சுவர்ப் பக்கம் திரும்பினார், அடுத்த நிமிடம் தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது. அம்மா வந்து காலணியைக் கழற்றினாள், அவர் அசையவில்லை. செய்தி கேட்டு சித்தப்பா ஃபவ்வாஸ் வாசலிலேயே பெரிய குரலில் வாழ்த்தத் தொடங்கினார். நுஹா ஓடிப் போய் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே வந்தார்.

நான் ஆறு வருடமாகப் பகலில் தூங்குகிறேன். எனக்காக இந்த வீட்டில் யாரும் ஒரு பாத்திரத்தைக்கூட மெதுவாக வைத்ததில்லை. அன்று அப்பா எழுந்திருக்கும்வரை எல்லோரும் கிசுகிசுவென்றே பேசினோம்.